தன்னலம் கடந்த கணக்கு

நுழையும்முன்

எல்லாத் தொழிலிலும் வல்லவரான ஒருவர், தம்மைவிடத் திறன் குறைந்தவரிடம் ஏன் பொருள் வாங்க வேண்டும்? எல்லாப் பொருள்களையும் குறைந்த உழைப்பில் செய்யவல்ல நாட்டுக்கு அயல்நாட்டு வாணிகத்தால் என்ன பயன்? இவ்வினாக்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் விடை கண்டவர் டேவிட் ரிக்கார்டோ. கல்லூரி வாயிலை மிதியாதவர், சந்தையில் பொருளீட்டியவர், ஈட்டிய பொருளுக்கே எதிராக நிற்கும் உண்மையையும் அஞ்சாமல் எடுத்துரைத்தவர். பொருளியல் பாடத்தில் கோட்பாடாக மட்டும் அறிந்த ஒருவரை, இங்கு மனிதராக அறிவோம்.

இளமை

டேவிட் ரிக்கார்டோ 1772ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஆபிரகாம் ரிக்கார்டோ, போர்த்துகீசிய வழிவந்த யூதர். ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்து, பங்குச் சந்தையில் தரகராக விளங்கியவர். பிள்ளைகள் பலர் நிறைந்த அக்குடும்பத்தில் டேவிட் மூன்றாமவர். பதினோரு வயதளவில் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ ஈராண்டுகள் அங்குக் கல்வி கற்றார். பதினான்காம் வயதில் தந்தையாரின் தொழிலில் துணையாகச் சேர்ந்தார். பள்ளிக்கல்வி அத்துடன் முடிந்தது. எண்களை விரைந்து கூட்டிக் கழிப்பதிலும், விலைகள் ஏறி இறங்கும் காரணத்தைக் கூர்ந்து நோக்குவதிலும் அவ்விளைஞர் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களில் காணப்படும் இறுக்கமான தருக்கத்துக்குச் சந்தையில் பெற்ற இப்பயிற்சியே அடித்தளம் எனலாம்.

இருபத்தொன்றாம் வயதில் அவர் வாழ்வு திசை மாறியது. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த பிரிசில்லா ஆன் வில்கின்சனை 1793ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மணந்தார். சமயம் கடந்த அத்திருமணத்தை இரு குடும்பங்களும் விரும்பவில்லை. பெற்றோர் மகனை விலக்கிவைத்தனர். தந்தையாரின் தொழிலில் அவருக்கு இருந்த இடமும் பறிபோனது. தாயார் இறந்த பின்னரே தந்தைக்கும் மகனுக்கும் இடையே மீண்டும் உறவு தளிர்த்தது. பிற்காலத்தில் கருத்துரிமைக்காகவும் சமய உரிமைக்காகவும் ரிக்கார்டோ குரல் கொடுத்தமைக்குப் பின்னால், தம் நெஞ்சறிந்த வழியில் நடந்ததற்காக வீட்டை இழந்த இப்பட்டறிவும் இருந்தது.

வீட்டை இழந்தாரேயன்றி நம்பிக்கையை இழக்கவில்லை. சந்தையில் அவருடைய நேர்மையையும் கூர்மையையும் அறிந்திருந்தோர் கடன் கொடுத்து உதவினர். அரசுக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் தொழிலைத் தனித்து நடத்தினார். சில ஆண்டுகளில் தந்தையாரை விஞ்சும் செல்வரானார்.

பாத் நகரில் ஒரு நூல்

செல்வம் சேரச் சேர, அவர் உள்ளம் கல்வியை நாடியது. கணிதம், வேதியியல், கனிமவியல் ஆகியவற்றைத் தாமே முயன்று கற்றார். வீட்டில் ஆய்வுக்கூடம் அமைத்தார். இலண்டனில் புதிதாகத் தோன்றிய நிலவியல் கழகத்தில் உறுப்பினரானார். 

1799ஆம் ஆண்டில், மனைவியின் உடல்நலம் கருதிப் பாத் என்னும் நகரில் தங்கியிருந்தபோது, ஆடம் ஸ்மித் எழுதிய ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூல் தற்செயலாக அவர் கைக்குக் கிடைத்தது. 1776இல் வெளிவந்த அந்நூல், தொழிற்பகுப்பின் சிறப்பையும் தடையற்ற வாணிகத்தின் பயனையும் விரித்துரைப்பது. சந்தையில் நாள்தோறும் தாம் கண்டும் கேட்டும் பழகியவற்றுக்கு ஒழுங்கான விளக்கம் இருப்பதை ரிக்கார்டோ அந்நூலில் கண்டார். அன்று பற்றிய ஆர்வம் இறுதிவரை அணையவில்லை. எனினும், அவர் தம் முதற்கட்டுரையை எழுதப் பத்தாண்டுகள் ஆயின.

தாளும் தங்கமும்

அக்காலத்தில் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட தாள்பணத்தைக் கொடுத்தால், வங்கி அதற்குரிய தங்கத்தைத் திருப்பித் தர வேண்டும். பிரான்சுடன் நடந்த போரின் நெருக்கடியால் 1797இல் இக்கடமை நிறுத்திவைக்கப்பட்டது. அதன் பின்னர் தாள்பணத்தில் தங்கத்தின் விலை ஏறியது. பிற பொருள்களின் விலையும் உயர்ந்தது. தங்கத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்ததே காரணம் என்று வங்கியின் சார்பாளர்கள் கூறினர். ரிக்கார்டோ மாறுபட்டார். அளவுக்கு மீறி அச்சிடப்பட்டதால் தாளின் மதிப்பே குறைந்துவிட்டது என்று அவர் வாதிட்டார். 1809இல் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் இக்கருத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் தனி நூலாக விரித்தெழுதினார்.

1810இல் நாடாளுமன்றம் அமைத்த குழு, அவர் கருத்தையொட்டியே அறிக்கை தந்தது. ஆயினும் நாடாளுமன்றம் அதனை உடனே ஏற்கவில்லை. 1819இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. 1821இல் தாளுக்குத் தங்கம் தரும் முறை மீண்டது. இங்கு ஒன்று கருதத்தக்கது. ரிக்கார்டோ அவ்வங்கியின் பங்குதாரர். வங்கியின் மிகுவருவாயால் அவருக்கும் ஆதாயம் உண்டு. அதனை எண்ணி அவர் வாய் மூடவில்லை.

இக்காலப்பகுதியில் இரு நட்புகள் அவருக்கு வாய்த்தன. ஒருவர் ஜேம்ஸ் மில். 1817இல் வெளிவந்த ‘பிரித்தானிய இந்திய வரலாறு’ என்னும் நூலின் ஆசிரியர். தமக்கு எழுத வராது என்று தயங்கிய ரிக்கார்டோவை, ஆசிரியர் மாணவரை ஊக்குவதுபோல் ஊக்கி எழுதவைத்தவர் அவரே. மற்றவர் மக்கள்தொகைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற தாமஸ் இராபர்ட் மால்தஸ். மில் ரிக்கார்டோவின் கருத்துகளை ஏற்று நின்றார். மால்தஸ் பெரும்பாலும் மறுத்து நின்றார். ரிக்கார்டோவின் அறிவு, மறுத்து நின்றவரோடு பொருதே கூர்மை பெற்றது.

உணவும் உரிமையும்

நெப்போலியனுடன் நடந்த நீண்ட போரின்போது அயல்நாட்டுத் தானிய வரவு தடைப்பட்டது. விளைச்சலும் சில ஆண்டுகளில் பொய்த்தது. 1812இல் ஒரு குவார்ட்டர், அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடையுள்ள கோதுமையின் விலை 120 ஷில்லிங்கைக் கடந்தது. உழைக்கும் மக்களின் கூலியில் பெரும்பகுதி ரொட்டிக்கே செலவானது. நிலக்கிழார்களோ உயர்ந்த குத்தகை பெற்றுச் செழித்தனர். போர் முடியும் வேளையில் விலை சரியத் தொடங்கியது. நிலக்கிழார்கள் நிறைந்திருந்த நாடாளுமன்றம், அச்சரிவைத் தடுக்க 1815இல் தானியச் சட்டம் இயற்றியது. உள்நாட்டில் கோதுமை விலை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்பனைக்குக் கொண்டுவரலாகாது என்பது அச்சட்டம். இலண்டன் மக்கள் கொதித்தெழுந்தனர். நாடாளுமன்றத்தைப் படைவீரர் காக்க நேர்ந்தது.

இச்சட்டம் பற்றிய விவாதத்தில் மால்தஸ் ஒரு பக்கமும் ரிக்கார்டோ மறுபக்கமும் நின்றனர். உணவுக்கு அயல்நாட்டை நம்பியிருப்பது நாட்டுக்குக் கேடு. போர்க்காலத்தில் வரவு நின்றால் மக்கள் பசியால் வாடுவர் என்பது மால்தசின் அச்சம். அது எளிதில் தள்ளத்தக்க அச்சமன்று. ரிக்கார்டோ அதனைத் தள்ளிவிடாமல், தானியத்தைத் தடுப்பதால் நாடு செலுத்தும் விலை யாது, அவ்விலையைச் செலுத்துவோர் யாவர் எனக் கணக்கிட முற்பட்டார். 1815இல் அவர் வெளியிட்ட சிறுநூல் இக்கணக்கையே பேசியது.

அக்கணக்கின் அடிப்படை, வாரம் பற்றிய அவரது விளக்கமாகும். மக்கள் முதலில் வளமான நிலத்தில் பயிரிடுவர். மக்கள்தொகை பெருகும்போது வளம் குன்றிய நிலத்தையும் உழ நேரும். அங்கு அதே விளைச்சலுக்கு மிகுதியான உழைப்பு தேவை. அந்த உழைப்புக்கு ஈடாகும் அளவு தானிய விலை உயர்ந்தால்தான் அந்நிலத்தில் எவரும் பயிரிடுவர். சந்தையில் விலை ஒன்றே ஆதலால், வளமான நிலத்தின் தானியமும் அதே உயர்விலைக்கு விற்கும். இடையில் தோன்றும் மிகுதி, நிலக்கிழாருக்கு வாரமாகச் சேரும். அவர் கூடுதலாக ஒரு விதையும் விதைக்கவில்லை. தானியம் அரிதானமையால் அவர் வருவாய் உயர்ந்தது. ஆகவே, வாரம் உயர்ந்ததால் தானிய விலை உயரவில்லை. தானிய விலை உயர்ந்ததால் வாரம் உயர்ந்தது என்று ரிக்கார்டோ தெளிவுபடுத்தினார்.

தானியம் விலையேறினால், தொழிலாளர் உயிர்வாழக் கூலியும் உயர வேண்டும். கூலி உயர்ந்தால் தொழில் நடத்துவோரின் இலாபம் குறையும். இலாபம் குறைந்தால் புதிய தொழில்கள் தோன்றா. எனவே தானியத் தடை, நாட்டின் வளர்ச்சியை நிறுத்தி, நிலம் வைத்திருப்போரை மட்டும் வாழவைக்கும் என்பது அவர் கண்ட முடிவு.

இம்முடிவை எழுதியபோது ரிக்கார்டோவும் ஒரு நிலக்கிழாரே. 1814இல் குளொஸ்டர்சயர் மாவட்டத்தில் காட்கோம் பார்க் என்னும் பெரும்பண்ணையை விலைக்கு வாங்கியிருந்தார். சந்தையில் ஈட்டிய செல்வத்தை நிலத்தில் முதலீடு செய்துகொண்டே, நிலக்கிழாரின் ஆதாயம் பொதுநலத்துக்கு மாறானது என்று எழுதினார். தம் கணக்கில் தம் பெயரும் கழித்தல் பகுதியில் வருவதை அறிந்தே எழுதினார்.

துணியும் திராட்சை மதுவும்

ஜேம்ஸ் மில்லின் இடைவிடாத தூண்டுதலால், 1817இல் ‘அரசியற் பொருளாதாரம் மற்றும் வரிவிதிப்பின் கொள்கைகள்’ என்னும் பெருநூலை ரிக்கார்டோ வெளியிட்டார். அந்நூலில் அயல்நாட்டு வாணிகம் பற்றிய ஏழாம் இயல், அவர் பெயரை நிலைநிறுத்தியது.

ஆடம் ஸ்மித், ஒரு பொருளை அயல்நாடு மலிவாகச் செய்யுமாயின் அதனை அங்கிருந்து வாங்குதல் நலம் என்று காட்டியிருந்தார். ஆளுக்கொரு பொருளில் திறன் மிக்க இரு நாடுகளுக்கு இது பொருந்தும். இரண்டு பொருள்களிலும் ஒரே நாடு திறன் மிக்கதாக இருந்தால் என்ன செய்வது? திறன் குன்றிய நாட்டுக்கு விற்பதற்கு ஏதும் இல்லையா? அந்நாட்டோடு வாணிகம் செய்வதால் திறன் மிக்க நாட்டுக்கு இழப்பு நேராதா? இவ்வினாவையே ரிக்கார்டோ எடுத்துக்கொண்டார்.

இரு கைவினைஞரை அவர் எடுத்துக்காட்டினார். இருவருக்கும் காலணியும் தொப்பியும் செய்யத் தெரியும். இரண்டிலும் ஒருவர் மற்றவரை விஞ்சுகிறார்; தொப்பி செய்வதில் ஐந்தில் ஒரு பங்கும், காலணி செய்வதில் மூன்றில் ஒரு பங்கும் மிகுந்த திறன் உடையவர். அவர் காலணியை மட்டும் செய்து, தொப்பியை மற்றவருக்கு விட்டுவிட்டால் இருவருக்கும் நன்மை. தொப்பி செய்யச் செலவிடும் ஒவ்வொரு நாளும், தமக்கு இன்னும் மிகுந்த ஆதாயம் தரும் காலணித் தொழிலிலிருந்து எடுக்கப்பட்ட நாள் ஆகிறது.

இரு நாடுகளையும் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய 100 பேர் ஓராண்டு உழைக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு திராட்சை மது செய்ய 120 பேர் ஓராண்டு உழைக்க வேண்டும். போர்த்துக்கல்லில் அதே துணிக்கு 90 பேரும் அதே மதுவுக்கு 80 பேரும் போதும். இரண்டிலும் போர்த்துக்கல்லே திறன் மிக்கது. இருப்பினும் போர்த்துக்கல் மதுவை மட்டும் செய்து, துணியை இங்கிலாந்திடம் பெறுவதே அதற்கு நலம் என்று ரிக்கார்டோ காட்டினார். 80 பேரின் உழைப்பால் ஆன மதுவைக் கொடுத்து, தன் நாட்டில் 90 பேர் உழைத்துச் செய்ய வேண்டிய துணியை அது பெறுகிறது. இங்கிலாந்தோ 100 பேரின் உழைப்பால் ஆன துணியைக் கொடுத்து, 120 பேர் உழைத்துச் செய்ய வேண்டிய மதுவைப் பெறுகிறது. ஒருவர் பெற்றது மற்றவர் இழந்ததன்று, இருவரும் பெற்றனர்.

இதன் உட்பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். ஒரு பொருளைச் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்பது ஒரு கணக்கு. அவர்களை அதில் ஈடுபடுத்தியதால் வேறு எப்பொருளைக் கைவிட்டோம் என்பது மற்றொரு கணக்கு. போர்த்துக்கல் ஓர் அளவு துணி நெய்தால், ஓர் அளவு மதுவையும் அதற்குமேல் எட்டில் ஒரு பங்கையும் கைவிட வேண்டும். இங்கிலாந்து ஓர் அளவு துணி நெய்தால், ஓர் அளவு மதுவில் ஆறில் ஐந்து பங்கை மட்டுமே கைவிட நேரும். கைவிடும் பொருளால் அளந்தால், துணி இங்கிலாந்தில்தான் மலிவு. இவ்வாறு கைவிடப்படுவதைப் பின்வந்த பொருளியலார் வாய்ப்புச் செலவு என்றனர். பிற நாட்டைவிடக் குறைந்த வாய்ப்புச் செலவில் ஒரு பொருளைச் செய்யும் திறமே ஒப்பீட்டு நன்மை எனப்படும். எல்லாப் பொருளிலும் முழு நன்மை உடைய நாடு இருக்கலாம். இரு நாடுகளின் வாய்ப்புச் செலவுகள் வேறுபடும் வரை, இரண்டு பொருளிலும் ஒப்பீட்டு நன்மை உடைய நாடு இருக்கவியலாது. எனவே திறன் குன்றிய நாட்டுக்கும் உலகச் சந்தையில் ஓர் இடம் உண்டு.

தெரிந்து தெளிவோம்

வாணிகம் இல்லாதபோது, ஓர் அளவு துணியும் ஓர் அளவு மதுவும் பெற இங்கிலாந்துக்கு 220 பேரின் உழைப்பும், போர்த்துக்கல்லுக்கு 170 பேரின் உழைப்பும் தேவை. மொத்தம் 390.
இங்கிலாந்து இரண்டளவு துணியும், போர்த்துக்கல் இரண்டளவு மதுவும் செய்தால், முறையே 200 பேரும் 160 பேரும் போதும். மொத்தம் 360.
ஓர் அளவு துணிக்கு ஓர் அளவு மது என மாற்றிக்கொண்டால், இரு நாட்டு மக்களும் முன்போலவே துணியும் மதுவும் பெறுவர். இங்கிலாந்தில் 20 பேரின் உழைப்பும் போர்த்துக்கல்லில் 10 பேரின் உழைப்பும் மிஞ்சும். மிஞ்சிய 30 பேரின் உழைப்பே வாணிகத்தின் பேறு.

கோட்பாட்டின் எல்லை

எந்தக் கோட்பாடும் சில எடுகோள்களின் மேல் நிற்பது. மக்களும் முதலும் ஒரு நாட்டுக்குள் தொழில்விட்டுத் தொழில் மாறலாம். நாடுவிட்டு நாடு எளிதில் செல்லா என்று ரிக்கார்டோ கொண்டார். பிறந்த நாட்டை விட்டுத் தம் செல்வத்தை அயல்நாட்டாட்சியின் கீழ் வைக்க மக்கள் தயங்குவர் என்பது அவர் கருத்து. முதலீடு கடல்கடந்து விரைந்து செல்லும் இக்காலத்தில் இவ்வெடுகோள் மீளாய்வுக்கு உரியது.

போர்த்துக்கல்லின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. 1703இல் இங்கிலாந்துக்கும் போர்த்துக்கல்லுக்கும் இடையே மெத்துவன் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆங்கிலேயக் கம்பளித் துணிகள் போர்த்துக்கல்லுக்குள் வந்தன. போர்த்துகீசிய மதுவுக்கு இங்கிலாந்தில் வரிச்சலுகை கிடைத்தது. திராட்சைத் தோட்டங்கள் பெருகின, நெசவுத்தொழில் நலிந்தது. வளரும் பருவத்திலுள்ள தொழில்களைக் காக்காமல் விட்டால் ஒரு நாடு தன் எதிர்காலத் திறனையே இழந்துவிடும் என்று செருமானியப் பொருளியலார் பிரெடரிக் லிஸ்ட் 1841இல் வாதிட்டார். இன்றைய ஒப்பீட்டு நன்மை என்றும் மாறாதிருப்பதன்று என்பதை இவ்வாதம் உணர்த்துகிறது. அத்துடன், நாடு முழுமைக்கும் வாணிகத்தால் நன்மை விளையினும், தறியை விட்ட நெசவாளர்க்கு அந்நன்மையில் பங்கு கிடைத்ததா என்னும் கேள்வி தனியே நிற்கிறது. ரிக்கார்டோவின் கணக்கு மொத்த ஆதாயத்தைக் காட்டுகிறது. அதனைப் பங்கிடும் பொறுப்பு அரசுக்கும் குமுகாயத்துக்கும் உரியது.

இடர்ப்படுவோரை ரிக்கார்டோ மறந்தவரல்லர். தானியத் தடையை ஒரே நாளில் நீக்கினால் உழவுத்தொழிலில் முதலிட்டோர் அழிவர் என்பதை உணர்ந்திருந்தார். ஆகவே 1822இல், குவார்ட்டருக்கு 20 ஷில்லிங் இறக்குமதி வரி விதித்து, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங்காகக் குறைத்து, 10 ஷில்லிங்கில் நிறுத்தலாம் என்று முன்மொழிந்தார்.

எந்திரங்களைப் பற்றிய அவரது கருத்து மாற்றம் இன்னும் குறிப்பிடத்தக்கது. எந்திரம் எல்லார்க்கும் நன்மையே தரும் என்று முன்பு எண்ணியிருந்தார். 1821இல் தம் நூலின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது புதியதோர் இயலைச் சேர்த்தார். எந்திரத்தால் தொழிலாளர் வேலை இழந்து துன்புறக்கூடும். அவர்களின் அச்சம் அறியாமையால் எழுந்ததன்று என்று அதில் எழுதினார். தம் முன்னைய கருத்து தவறு என்பதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அவர்தம் மாணவர் சிலரும் இம்மாற்றத்தால் திகைத்தனர்.

நாடாளுமன்றத்தில்

1819இல் ரிக்கார்டோ நாடாளுமன்ற உறுப்பினரானார். அயர்லாந்திலுள்ள போர்ட்டார்லிங்டன் என்னும் தொகுதி அவருக்குக் கிடைத்தது. வாக்காளர் மிகச் சிலரே கொண்ட அத்தகைய தொகுதிகளைப் பணம் கொடுத்துப் பெறுவது அன்றைய வழக்கம். ரிக்கார்டோவும் அவ்வாறே பெற்றார். ஆனால் அவைக்குள் சென்ற பின்னர், அம்முறையை மாற்ற வேண்டும் என்றும், வாக்குரிமை விரிவுபட வேண்டும் என்றும், மறைவாக்கெடுப்பு முறை வேண்டும் என்றும் பேசினார். சமயக் கருத்துகளை வெளியிட்டதற்காக மக்கள் தண்டிக்கப்படுவதை எதிர்த்தார். போரினால் குவிந்த தேசியக் கடனைத் தீர்க்கச் செல்வர்களின் சொத்தின்மீது ஒருமுறை வரி விதிக்கலாம் என்றார். அவ்வரி வந்திருந்தால் முதலில் பெருந்தொகை செலுத்துவோருள் அவரும் ஒருவராகியிருப்பார்.

அவர் குரல் மெல்லியது, கீச்சென்று ஒலிப்பது. சொல்வன்மையால் அவையை மயக்கியவரல்லர். இருப்பினும், பொருளியல் பற்றி அவர் எழுந்து பேசினால் அவை செவிசாய்த்தது. வாக்கெடுப்பில் பெரும்பாலும் அவர் தோற்ற பக்கத்திலேயே நின்றார்.

மாறுபட்டும் மாறாத நட்பு

ரிக்கார்டோவின் வாழ்வில் போற்றத்தக்க பகுதி, மால்தசுடன் அவர் கொண்ட நட்பு. 1811இல் தொடங்கிய அந்நட்பில், வாரம், விலை, வாணிகம், வேலையின்மை என ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் இருவரும் கருத்து மாறுபட்டனர். ஒருவர் இல்லத்துக்கு மற்றவர் சென்று தங்கி வாதிட்டனர். மடல்கள் வாயிலாக மேலும் வாதிட்டனர். 1815இல் அரசு வெளியிட்ட கடன் பத்திரங்களில் ஒரு பகுதியை மால்தசுக்காக ரிக்கார்டோ ஒதுக்கி வைத்திருந்தார். வாட்டர்லூப் போர் நெருங்கும் வேளையில் மால்தஸ் அஞ்சி, சிறிய இலாபத்தோடு தம் பங்கை விற்றுவிடச் சொன்னார். ரிக்கார்டோ தம் பங்கை வைத்திருந்தார். வெற்றிச் செய்தி வந்ததும் பெரும்பொருள் ஈட்டினார். இந்நிகழ்வு நட்பில் சிறு கசப்பையும் விளைவிக்கவில்லை.

1823ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் ரிக்கார்டோ மால்தசுக்கு இறுதி மடலை எழுதினார். விலைமதிப்பு பற்றிய நெடுநாள் வாதத்தை அதிலும் தொடர்ந்துவிட்டு, தம் கருத்துக்கு மால்தஸ் உடன்பட்டிருந்தாலும் இப்போது இருப்பதைவிட மிகுதியாக அவரை நேசித்திருக்க இயலாது என்னும் பொருள்பட முடித்தார். சில நாள்களில் காதில் தோன்றிய நோய் மூளைவரை பரவியது. செப்டம்பர் 11ஆம் நாள், ஐம்பத்தொன்றாம் வயதில், காட்கோம் பார்க் இல்லத்தில் காலமானார். குடும்பத்தார் நீங்கலாக வேறெவரையும் அவ்வளவு நேசித்ததில்லை என்று மால்தஸ் பின்னர் கலங்கிக் கூறினார்.

மறைவுக்குப் பின்

ரிக்கார்டோ எதிர்த்த தானியச் சட்டம் அவர் வாழ்நாளில் நீங்கவில்லை. 1846இல், தலைமையமைச்சர் இராபர்ட் பீல் அதனை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். பீலின் கட்சி அதனால் பிளவுற்றது. அவர் பதவியும் பறிபோனது. 1819இல் தாளுக்குத் தங்கம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அதே பீல்தான். ரிக்கார்டோவின் இரு கருத்துகளும் ஒருவர் கையாலேயே சட்டமாயின.

இருபதாம் நூற்றாண்டில் பியரோ ஸ்ராஃபா என்னும் அறிஞர், ரிக்கார்டோவின் நூல்களையும் மடல்களையும் தேடித் தொகுத்துப் பதினொரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். மற்றொரு நிகழ்வும் கூறத்தக்கது. சமூக அறிவியலில் உண்மையாகவும் எளிதில் புலப்படாததாகவும் உள்ள ஒரு கூற்றையேனும் காட்டுமாறு கணித அறிஞர் ஸ்டானிஸ்லாவ் உலாம், பொருளியலார் பால் சாமுவேல்சனைக் கேட்டார். உடனே விடை கூற இயலாத சாமுவேல்சன், பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டையே அதற்கு விடையாகக் கூறினார்.

வல்லவர்க்கும் பிறர் துணை வேண்டும். எளியவரிடமும் உலகுக்குத் தேவையான ஒன்று உண்டு என்பது ரிக்கார்டோவின் கணக்கு காட்டும் உண்மை. பங்குதாரராக இருந்து வங்கியையும், நிலக்கிழாராக இருந்து வாரத்தையும், செல்வராக இருந்து செல்வத்தையும் நடுநிலை பிறழாமல் அளந்தவர் அவர். பொதுநலம் பற்றிய கணக்கைப் போடுவோர் முதலில் தம் ஆதாயத்தைத் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பதை அவரது வாழ்வு கற்பிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. ஒருவர் ஒரு நாளில் 6 பாய்கள் அல்லது 3 கூடைகள் முடைவார்; மற்றவர் ஒரு நாளில் 2 பாய்கள் அல்லது 2 கூடைகள் முடைவார். ஒவ்வொருவருக்கும் ஒரு கூடையின் வாய்ப்புச் செலவு யாது? எவர் எத்தொழிலைச் செய்தல் இருவர்க்கும் நலம்? கணக்கிட்டு விளக்குக.
2. உணவுப்பொருள் இறக்குமதியைத் தடுக்கலாமா என்னும் பொருளில், மால்தஸ் அணி, ரிக்கார்டோ அணி எனப் பிரிந்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

பாடநூல் வினாக்கள்

குறுவினா: ஒப்பீட்டு நன்மை என்றால் என்ன?
சிறுவினா: தானிய விலைக்கும் வாரத்துக்கும் உள்ள தொடர்பை ரிக்கார்டோ எவ்வாறு விளக்கினார்?
நெடுவினா: ரிக்கார்டோவின் நடுநிலைமையை அவர்தம் வாழ்க்கை நிகழ்வுகள் வழி நிறுவுக.